தவிலோடு ஆஸ்திரேலியா: முதல் தடவை போகும் குழுவுக்கு

ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது, வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு கங்காரு படம் போட்டாகிவிட்டது. சரி, இனி யாராவது ஒருவர் உட்கார்ந்து வேலை பார்த்தாக வேண்டும். எங்கள் குழுவில் அந்த ஒருவர் நான். தவில், நாதஸ்வரம், மிருதங்கம், கஞ்சிரா, கூடவே கிட்டார், பேஸ், கீபோர்டு, ஒரு பாடகி என்று பாதி கும்பகோணமும் பாதி சென்னையுமாகக் கலந்த கூட்டம் எங்களுடையது. மேடையில் எனக்கு வேலை கிடையாது. மற்ற எல்லா இடத்திலும் எனக்குத்தான் வேலை.

நம்மைப் போன்ற கலப்புக் குழுக்கள் இப்போது நிறையவே வெளியே போகின்றன. போன் செய்து கேட்பவர்களுக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. வெறும் கிட்டார், டிரம்ஸ் மட்டும் உள்ள குழு என்றால் முதல் பகுதியில் தவில், கஞ்சிரா, நாதஸ்வரம் பற்றிய இடங்களைத் தாண்டிப் போகலாம்.

கருவி எதால் ஆனது?

விசா பாரத்தைத் திறப்பதற்கு முன்னால் கருவிகள் எல்லாவற்றையும் ஒரு அறையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றும் எதெதால் செய்தது என்று எழுதுங்கள். தோல், மரம், நாணல், கொம்பு, மண், கயிறு, பசை எதையும் விடாதீர்கள். ஆஸ்திரேலியாக்காரர்களின் கவலை எல்லாம் நோயும் பூச்சியும்தான். மாடுகளுக்கு வரும் கோமாரி நோய் அங்கே 1872-க்குப் பிறகு கிடையாது. நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பச்சைத்தோலை இழுத்துக் கட்டிய தவில் மெல்போர்ன் விமான நிலையத்தில் ஸ்கேனருக்குள் போகும்போது, அது அந்த அதிகாரிக்கு இசைக்கருவியாகத் தெரிவதற்கு முன்பே கால்நடைப் பொருளாகத் தெரிந்துவிடும். அங்கே போய் இறங்கும் பயணி அறிவித்தாக வேண்டிய பொருள்களில் பதனிடாத தோல் மேளங்களும் உண்டு. அவற்றில் சில வகைகளை உள்ளே விடுவதே இல்லை.

அந்நாட்டு வேளாண் துறை பைகான் என்று ஒரு இணையத் தரவுதளம் வைத்திருக்கிறது. எந்தப் பொருளை என்ன நிபந்தனையில் உள்ளே விடுவார்கள் என்று அதில் தேடிப் பார்க்கலாம். தேடியதோடு நிற்காமல், கருவியின் படங்களோடு துறைக்கு எழுதிக் கேளுங்கள். உங்களை அழைத்த அமைப்பாளர் கேட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த ஊர்க்காரருக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியும். பதில் வர நாளாகும், ஆகவே முதல் வாரமே ஆரம்பியுங்கள். வந்த பதிலை அச்செடுத்து ஒரு பிரதியைத் தவில் பெட்டிக்குள்ளும் ஒரு பிரதியை உங்கள் கைப்பையிலும் வையுங்கள். பதிலில் சந்தேகம் இருந்தால் இரண்டு மாற்று வழி உண்டு. ஒன்று, தோலுக்குப் பதில் ஃபைபர் மாட்டிய தவில். வித்வான்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் கோயில் திருவிழாக்களிலேயே அதுதான் இப்போது பாதி இடத்தில் முழங்குகிறது. இன்னொன்று, அங்கேயே இரவல். சிட்னியிலும் மெல்போர்னிலும் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கோயில்களில் தவிலும் கிடைக்கும். எந்த சுருதி மிருதங்கம் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கஞ்சிராவுக்கு வருகிறேன். உடும்புத்தோல் கட்டிய கஞ்சிரா உங்கள் கலைஞரிடம் இருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி உடும்பு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டீஸிலும் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. ஆஸ்திரேலியா போகும் முன்பே, சென்னையிலேயே மாட்டிக்கொள்ளும் விஷயம் அது. ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் கஞ்சிராவைக் கையில் கொடுத்து, பழகிக்கொள்ள ஒரு மாதமாவது விடுங்கள். நாதம் வேறு, தோலை நனைத்துச் சுருதியை இறக்கும் பக்குவமும் வேறு.

நாதஸ்வரத்தில் யாரும் கவனிக்காத ஒரு சமாச்சாரம், ஊதும் நாணல் நாக்கான சீவாளிகளின் கொத்தோடு தொங்கும் ஊசி. பழைய வாத்தியங்களில் அது யானைத் தந்தமாக இருக்கும். தாத்தா காலத்து ஊசி, ராசியான ஊசி என்றெல்லாம் கதை வரும். கழற்றி வீட்டில் வைத்துவிட்டு உலோகத்தில் ஒன்று மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய வீணை இருந்தால் அதிலும் தந்த வேலைப்பாடு, மான்கொம்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மேடை அலங்காரத்துக்கு மயிலிறகு கட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், மயிலிறகை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகவே தடை இருக்கிறது. கிட்டாரின் ஈட்டி மரப் பலகையும் சைட்டீஸ் கட்டுப்பாட்டில் சிக்கும் என்று 2017-ல் பெரிய பயம் இருந்தது. 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய பிரேசில் ஈட்டி மரக் கிட்டார் வைத்திருக்கும் அதிர்ஷ்டசாலி மட்டும் தனியாக விசாரிக்க வேண்டும்.

அப்புறம் சுத்தம். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்க முகத்தில், சுருதிக்காக வைத்துக் காய்ந்து ஒட்டியிருக்கும் ரவையைக் கிளம்புவதற்கு முன் முழுக்கச் சுரண்டிவிடுங்கள். அது உணவுப் பொருள், பூச்சி குடியிருக்கும் இடம். அங்கே போனதும் ரவையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், சிட்னி ஹாரிஸ் பார்க்கிலும் மெல்போர்ன் டான்டினாங்கிலும் நம் மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தவில் கலைஞரின் விரல் கூடுகள் பசையும் துணியுமாகச் செய்தவை. அவற்றையும் பூவரசங்கழியையும் சீவாளிகளையும் ஒரே ஒளி ஊடுருவும் டப்பாவில் போட்டு, கேட்டதும் எடுத்துக் காட்டும்படி மேலாக வையுங்கள். கடம் இருந்தால் உள்ளே மண்தூசி இல்லாமல் துடைக்க வேண்டும். செருப்பு, ஷூவின் அடிப்பாகமும் அப்படித்தான். ஊர்த் திருவிழாவில் வாசித்துவிட்டு அதே செருப்போடு விமானம் ஏறும் ஆட்கள் நம்மிடம் உண்டு.

சாப்பாட்டில் அரிசி, பருப்பு, வரமிளகாய், சீரகம், கொத்தமல்லி விதை இவை பெட்டியில் இருக்கவே கூடாது. தானியங்களைத் தின்னும் கப்ரா வண்டுக்குப் பயந்து பயணிகள் கொண்டுவருவதையே தடுத்திருக்கிறார்கள். வீட்டில் இடித்த பொடியும் வேண்டாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை விஷயத்தில் எங்கள் தவில் அண்ணன் கடைசிவரை பேரம் பேசினார்.

“ஏம்மா, வெத்தலப் பொட்டியக் கூடவா?”

“அதைத்தான் அண்ணே முதல்ல.”

விமானத்தில் நிரப்பும் அட்டையில் தோல், மரம், தாவரம், உணவு என்று எது கேட்டாலும் ‘ஆம்’ என்றே டிக் செய்யச் சொல்லுங்கள். சொன்னவருக்கு அபராதம் இல்லை, அதிகபட்சம் பொருள் போகும். சொல்லாமல் மாட்டியவருக்கு அபராதம் ஆயிரக்கணக்கான டாலர், விசா ரத்து வரைகூடப் போகலாம். குழுவாக ஒரே வரிசையில் நில்லுங்கள், காகிதங்கள் ஒருவர் கையில் இருக்கட்டும், அவர் மட்டும் பேசட்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஜோக் அடிக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

விசாவும் பெயரும்

சுற்றுலா விசாவில் போய்க் காசு வாங்கி வாசிக்கக் கூடாது. “சும்மா கல்ச்சுரல் விசிட் என்று போட்டுவிடுங்கள், நாங்கள் எத்தனையோ பேரைக் கூப்பிட்டிருக்கிறோம்” என்று சொல்லும் அமைப்பாளர் கிடைப்பார். அவருக்கு ஒன்றும் ஆகாது, திருப்பி அனுப்பப்படுவது நாம்தான். கலைஞர்களுக்கு உரியது 408 என்ற துணை வகுப்பில் வரும் தற்காலிக விசா. அதற்கு அங்கிருந்து ஒருவர் ஆதரவளிக்க வேண்டும், நிகழ்ச்சிப் பட்டியலும் ஒப்பந்தமும் காட்ட வேண்டும், மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். மேடை ஏறாவிட்டாலும் ஒலிப் பொறியாளரும் மேனேஜரும் வேலை பார்க்கத்தான் போகிறார்கள், அவர்களையும் அதே விண்ணப்பத் திட்டத்தில் சேருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்நாட்டு உள்துறை இணையதளத்தில் உள்ளதே கடைசி வார்த்தை. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் எதுவும் ஒட்டித் தர மாட்டார்கள், விசா மின்னஞ்சலில்தான் வரும். அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். சென்னை கவுண்டரில் “விசா எங்கே?” என்று கேட்டால் நாதஸ்வரப் பெரியவர் போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நம் ஆட்களுக்கென்றே உள்ள சிக்கல் பெயர். பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும், இன்னொருவருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். மேடைப் பெயர் மூன்றாவதாக ஒன்று. டிக்கெட், விசா, அழைப்புக் கடிதம், காப்பீடு நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். மேடைப் பெயரைப் போஸ்டரில் போட்டுக்கொள்ளட்டும். ஒற்றைப் பெயர்க்காரருக்கு டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பத்தாவது முடிக்காத கலைஞரின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற ஈ.சி.ஆர். குறிப்பு இருக்கலாம். ஆஸ்திரேலியா அந்தச் சோதனைக்குரிய நாடுகளில் இல்லை என்றாலும், கவுண்டரில் நிறுத்திக் கேள்வி கேட்பதுண்டு. திரும்பும் டிக்கெட்டும் அழைப்புக் கடிதமும் அவர் கையிலேயே இருக்கட்டும், நீங்களும் அவருக்குப் பின்னாலேயே நில்லுங்கள்.

பெட்டி கட்டும் வேலை

தவிலும் மிருதங்கமும் கார்கோவில்தான் போக வேண்டும், கடினமான பெட்டி இல்லாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் தூக்கும் ஆட்கள் தொட மாட்டார்கள். தவிலின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு அனுப்புவது நல்லது. முறுக்கும் ஸ்பேனரும் மிருதங்கம் தட்டும் கல், சுத்தியலும் செக்-இன் பெட்டிக்குள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும், அதற்கப்புறம் ஸ்பேனர் இல்லாத தவில்காரரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைய வேண்டும். பவர் பேங்க் நேர் எதிர், கைப்பையில் மட்டும்தான். சீவாளிகளும் பாடகியின் மருந்தும் ஒருநாள் மேடை உடுப்பும் கையோடு வரட்டும். பெட்டி பிந்தினாலும் நிகழ்ச்சி பிந்தாது.

விலை உயர்ந்த கீபோர்டு, கிட்டார், மைக் எதுவானாலும், கிளம்பும் நாளன்று சென்னை விமான நிலையச் சுங்கத்தில் எக்ஸ்போர்ட் சர்ட்டிஃபிகேட் வாங்குங்கள். சீரியல் எண்களைத் தட்டச்சு செய்த தாளோடு, பெட்டியை செக்-இன் கவுண்டரில் போடுவதற்கு முன்பே போக வேண்டும். நேரம் பிடிக்கும், முணுமுணுப்பார்கள், வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது “இதை அங்கே வாங்கினீர்களா?” என்ற கேள்விக்கு நள்ளிரவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சாமான் பெரிய அளவில் போகிறது, வேறு நாடுகளுக்கும் தொடர்கிறது என்றால் சாமானை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர உதவும் ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்க ஆவணம் எடுக்கலாம். இந்தியாவில் தொழில் வணிகக் கூட்டமைப்பான ஃபிக்கி தருகிறது, ஆஸ்திரேலியாவும் ஏற்கிறது. ஏழெட்டுக் கருவிகளோடு போகும் குழுவுக்கு அதன் செலவும் பிணைத் தொகையும் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

கம்பியில்லா மைக் செட் கொண்டுபோகிறவர்கள் அதன் அலைவரிசையைப் பாருங்கள். 694 முதல் 820 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை 2015 தொடக்கத்திலிருந்து அங்கே மைக்குகளுக்கு விடுவதில்லை, செல்போன் சேவைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் ஊர் வாடகைக் கடைகளில் சுற்றும் பழைய செட்டுகள் பல அதற்குள்தான் வரும். மின்சாரம் நம்முடையதுபோல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பயமில்லை. பிளக்கின் கால்கள் மட்டும் சாய்வாக இருக்கும். எர்த் உள்ள நல்ல அடாப்டராக வாங்குங்கள், எர்த் இல்லாத மலிவு அடாப்டரில் கீபோர்டு மாட்டினால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சுருதிப்பெட்டி இலவசமாகக் கேட்கும். இன்னொரு விஷயம், அங்கே பல அரங்குகளில் மின்சாதனம் ஒவ்வொன்றையும் சோதித்து, தேதி போட்ட சீட்டு ஒட்டியிருந்தால்தான் மேடையில் சொருக விடுவார்கள். பெடல் அடாப்டர்வரை கேட்பார்கள். எங்கே, யார் சோதித்துத் தருவார் என்று அமைப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இங்கிருந்து சுமக்காமல் அங்கேயே வாங்குவதுதான் லாபம்.

எத்தனை கச்சேரி ஒப்புக்கொள்வது?

இதில்தான் முதல் பயணங்கள் கெடுகின்றன. அவ்வளவு தூரம் போகிறோம், டிக்கெட் செலவை எடுக்க வேண்டும் என்று எட்டு நாளில் ஏழு நிகழ்ச்சி போடுவார்கள். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குச் சாலையில் சுமார் 880 கிலோமீட்டர். மெல்போர்னிலிருந்து அடிலெய்டு 700-க்கு மேல். பெர்த்துக்குச் சிட்னியிலிருந்து விமானத்தில் போனாலே ஐந்து மணி நேரம். வாரக் கடைசியில் இரண்டு, நடுவில் ஒரு பட்டறை, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. ஒரு நாள் முழுசாகச் சும்மா இருக்கும்படி விடுங்கள். சுற்றிப் பார்க்க என்று சொல்லி அந்த நாளையும் பறித்துவிடாதீர்கள்.

நேரம் இன்னொரு குழப்பம். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறுவரை சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறார்கள். பிரிஸ்பேனில் தள்ளுவதில்லை. ஆகவே கோடையில் சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் ஒரு மணி வித்தியாசம், அடிலெய்டுக்கோ அரை மணிக் கணக்கு. பட்டியலில் எப்போதும் உள்ளூர் நேரத்தை மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் ஊர்ப் பெயரைப் போடுங்கள். பாடகியிடம் காலை எட்டு மணிக்கு வானொலிப் பேட்டி இருக்கிறது என்று சொல்லும் முன் யோசியுங்கள். கோடையில் சிட்னியின் எட்டு மணி, சென்னையில் அதிகாலை இரண்டரை. தொண்டைக்கு அது இரண்டரைதான். முதல் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், அந்த இரண்டு ராத்திரியின் அறை வாடகை யாருடையது என்பதையும் சேர்த்து.

வேன் ஓட்டுவது பற்றி. இடப்பக்கச் சாலை, நம் பழக்கம்தான். ஆனால் நகரத்தைத் தாண்டியதும் அந்தி வேளையில் கங்காரு குறுக்கே பாயும். வாட்ஸ்அப்பில் போட்ட படம் அப்போது மறந்துவிடும். கச்சேரி முடிந்து இரவில் நீண்ட தூரம் ஓட்டுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், வேட்டியை மடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார முடியாது. நகரங்களுக்கு வெளியே போகிறீர்கள் என்றால் டெல்ஸ்ட்ரா சிம் ஒன்றாவது குழுவில் இருக்கட்டும், அதன் சிக்னல்தான் அதிக தூரம் வரும்.

விழா மேடையும் சங்க மேடையும்

அங்கே நமக்கு இரண்டு வகை மேடை கிடைக்கும். ஒன்று அடிலெய்டின் வோமடிலெய்டு, குவீன்ஸ்லாந்தின் வுட்ஃபோர்டு போன்ற பெரிய விழாக்கள். இன்னொன்று தமிழ்ச் சங்கம், கோயில், பள்ளி ஆண்டுவிழா. இரண்டுக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டும்.

விழாவில் கடிகாரம்தான் எஜமான். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம், தனி ஆவர்த்தனம் களை கட்டுகிறது என்பதற்காக மேலே ஒரு நிமிஷம் கிடைக்காது, ஒலியை மூடிவிடுவார்கள். முன் குழு இறங்கி நீங்கள் ஏறுவதற்குள் கிடைப்பது இருபது, முப்பது நிமிஷம். அதற்குள் மிருதங்கத்துக்கு ரவை வைத்துச் சுருதி சேர்ப்பது நடக்காது. மேடைக்குப் பின்னால் சத்தமில்லாத ஒரு அறை, அதில் கொஞ்சம் வெந்நீர், ஒரு மேசை என்று ரைடரில், அதாவது நம் தேவைகளை அமைப்பாளருக்கு அனுப்பும் பட்டியலில், எழுதுங்கள். ரைடரில் மாம்பழமும் இளநீரும் கேட்பதை விட இது முக்கியம். உட்கார்ந்து வாசிக்க எட்டுக்கு எட்டு அடி மேடைப்பலகை, கம்பளம், செருப்போடு ஏற வேண்டாம் என்ற குறிப்பு, இவற்றையும் சேருங்கள். அவர்களுக்கு மீட்டரில் எழுதினால்தான் சரியாக வரும், 2.4 மீட்டர்.

அந்த ஊர் ஒலிப் பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் பலர் தவிலை முதல் தடவை பார்க்கிறவர்களாக இருப்பார்கள். படம் போட்ட மேடை வரைபடம் அனுப்புங்கள். வலப்பக்க முகமான வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் என்று அம்புக்குறி போடுங்கள். நாதஸ்வரத்துக்கு மைக்கை அதன் அகன்ற அடிவாயான அணைசுக்குள் சொருகப் பார்ப்பார்கள், இரண்டடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும், கலைஞர்கள் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கரான மானிட்டரில் சத்தம் தேவைப்படாது. பக்கத்தில் உட்காரும் பாடகிக்குத்தான் தேவை, முடிந்தால் அவரை மறு ஓரத்தில் உட்கார வையுங்கள். ஒரு யூடியூப் சுட்டியையும் சேர்த்து அனுப்பினால் பத்துப் பக்கக் குறிப்புக்குச் சமம்.

வானிலை சுருதியைப் படுத்தும். மார்ச் மாத அடிலெய்டில் காற்று உலர்ந்திருக்கும், தோல் இறுகி மிருதங்கம் மேலே ஏறும், சீவாளி காய்ந்து போகும். மெல்போர்னில் மதியம் வெயில், மாலை குளிர். குளிரில் நாதஸ்வரம் கீழே இறங்கும். இரண்டரைக் கட்டை நாதஸ்வரத்தோடு கீபோர்டு சேர வேண்டும் என்றால் இறங்கி வர வேண்டியது கீபோர்டுதான், மேடையிலேயே நுண்ணிய அளவில் சுருதி மாற்றத் தெரிந்த வாசிப்பாளர் வேண்டும். ஊரிலேயே பழகிவிட்டு வரச் சொல்லுங்கள்.

மேடை ஏறியதும் பேசும் முதல் வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளை மதித்து நினைவுகூர்வது அங்கே மரபு. அடிலெய்டில் கௌர்னா மக்கள், சிட்னியின் மையப் பகுதியில் காடிகல், மெல்போர்னின் பெரும்பகுதியில் வுருண்ட்ஜெரி, பெர்த்தில் நூங்கர். பெயர் உச்சரிப்பை அமைப்பாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு சுருக்கமாகச் சொன்னால் போதும். ‘எங்கள் மண்ணுக்கு வாருங்கள்’ என்று வரவேற்கும் சடங்கு வேறு, அதை அந்தச் சமூகத்தின் மூத்தவர்கள்தான் செய்வார்கள். பூர்வகுடிகளின் ஊதுகருவியான டிஜெரிடூ வாசிக்கும் கலைஞர் யாரையாவது சந்தித்தால், கருவியைக் கையில் வாங்கி ஊதிப் பார்த்துப் படம் எடுக்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். நம் தவிலைக் கேட்காமல் எடுத்துத் தட்டினால் அண்ணன் முகம் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாதா.

தமிழ் அமைப்புகளின் மேடையில் கடிகாரம் இளகும், தலைவர் உரை நீளும், பொன்னாடைகள் வரும். சிட்னியில் வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட் பக்கம் இறங்கினால் இட்லி முதல் இடியாப்பம்வரை குறைவிருக்காது. ஈழத்து வீடுகளில் கிடைக்கும் சாப்பாட்டுக்காகவே எங்கள் பேஸ் கிட்டார் பையன் மறுபடி போக வேண்டும் என்கிறான். ஆனால் அன்பு அதிகமான இடத்தில் தூக்கம் குறையும். கச்சேரி முடிந்து ஒரு வீட்டில் விருந்து, மறுநாள் மதியம் இன்னொரு வீட்டில், நடுவில் ஒரு குழந்தையின் வாசிப்பைக் கேட்டு ஆசீர்வதிக்க வேண்டும். பெரிய வித்வானால் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. “மன்னிக்கணும், ஐயா ஓய்வெடுக்கணும்” என்று சொல்லும் கெட்ட பெயரை மேனேஜர் வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குத்தான். வீடுகளில் தங்கவைப்பதாகச் சொன்னால், பாடகிக்கும் மூத்தவர்களுக்கும் தனி அறை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சிறிய ஊர்களில் உணவகச் சமையலறைகள் இரவு எட்டு, எட்டரைக்கே மூடிவிடும். ஒன்பதரைக்கு மேடையிலிருந்து இறங்கும் குழுவுக்குச் சோறு கிடைக்காது. மலிவான ரைஸ் குக்கர் ஒன்றை முதல் நாளே அங்கே வாங்கி வேனில் போட்டுவிடுங்கள், அரிசியும் அங்கே வாங்கியதுதான். தயிர் எங்கும் கிடைக்கும். ஆனால் அறையில் தாளிக்காதீர்கள். ஊதுபத்தி, கற்பூரமும் வேண்டாம். புகை அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்து நின்றால், அதற்கான கட்டணத்தை அறைக்காரர் தலையில் கட்டுவார்கள். காலைப் பூஜையைப் பூவோடு முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணம்

ஒப்பந்தத்தில் எழுதிய தொகை வரிக்கு முன்னா, பின்னா என்று முதலிலேயே கேளுங்கள். வெளிநாட்டுக் கலைஞருக்கு அங்கே வரியில்லா வரம்பு கிடையாது, முதல் டாலரிலிருந்தே பிடிப்பார்கள். பிடித்ததற்கான சான்றைக் கிளம்புமுன் வாங்கிவிட்டால் இந்தியாவில் கணக்குக் காட்டும்போது கழித்துக்கொள்ளக் கேட்கலாம். ஊருக்கு வந்தபிறகு அந்தச் சான்றுக்காக மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வரும் வேகமே வேறு. நிகழ்ச்சியில் வெளியாருக்கு ஏதாவது ஆனால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டை அரங்குகள் கேட்கும். அது அமைப்பாளருடையதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சிடி, டி-ஷர்ட் விற்பதானால் அவை விற்பனைச் சரக்கு என்று சுங்கத்தில் சொல்லிக் கொண்டுபோங்கள். வாங்குகிறவர்கள் அட்டையைத் தட்டித்தான் பணம் கொடுப்பார்கள், அமைப்பாளரின் அட்டைக் கருவியை இரவல் கேளுங்கள், அவர் எவ்வளவு பிடித்துக்கொள்வார் என்பதையும் பேசுங்கள். பத்தாயிரம் ஆஸ்திரேலிய டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கையில் இருந்தால் நுழையும்போதும் வெளியேறும்போதும் அறிவிக்க வேண்டும். ஒருவர் பையிலேயே குழுவின் பணம் முழுவதும் இருக்கும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

சொந்தப் பாடல்கள் வாசிக்கும் குழுக்கள் ஒன்றை மறந்துவிடுகின்றன. மேடையில் வாசித்த பாடல்களுக்கு அங்கே அப்ரா ஆம்கோஸ் என்ற அமைப்பு அரங்குகளிடமிருந்து உரிமைத்தொகை வசூலிக்கிறது. உங்கள் பாடலாசிரியரும் இசையமைத்தவரும் இங்கே அதேபோன்ற அமைப்பான ஐ.பி.ஆர்.எஸ்.-ல் உறுப்பினராக இருந்து, பாடல்களைப் பதிவு செய்திருந்தால் அந்தப் பங்கு சுற்றிக்கொண்டு வந்து சேரும். ஒவ்வொரு இரவும் உண்மையில் வாசித்த வரிசையை (தாளில் அச்சடித்ததை அல்ல, கடைசி நேரத்தில் பெரியவர் மாற்றியதை) அரங்கின் பெயர், தேதியோடு எழுதி வையுங்கள். வேனில் ஏறியதும் முதல் வேலையாக இதைச் செய்துவிட்டால் மறக்காது. தொகை பெரிதாக இருக்காது, வர மாதங்கள் ஆகும். எங்கள் குழுவில் அதை அடுத்த தவில் பெட்டிக்கென்று ஒதுக்கியிருக்கிறோம்.